கருவாடு பிடிக்காதவர் வைத்த குழம்பு

அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் யாரோ வாளைக் கருவாட்டை வாணலியில் போடுகிறார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் கட்டடமே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு வீட்டில் சன்னலைப் பட்டென்று சாத்தி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். எதிர்வீட்டிலோ ஒருவர் மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு, சட்டியில் பழைய சோறு மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். படிக்கட்டு வழியாக ஏறி வந்த காற்று ஒன்றுதான். அதில் மிதந்து வந்த மூலக்கூறுகளும் அவையேதான்.

இது பாதிப் புதிர். மீதிப் பாதி இன்னும் சுவையானது. சன்னலைச் சாத்திய வீட்டுப் பெண், மீன் சாப்பிடுபவர்தான். கருவாடு மட்டும் ஆகாது. எதிர்வீட்டு அக்கா அறுவை சிகிச்சை முடிந்து வந்து, வாய்க்கு எதுவும் பிடிக்காமல், கருவாட்டுக் குழம்பு இருந்தால் இரண்டு வாய் இறங்கும் என்கிறார். இவர் மூக்கைச் சுளித்தபடியே அதை வைத்துக் கொடுத்துவிடுகிறார். எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். பாகற்காயைத் தொடாத மருமகள் மாமியாருக்குப் பிட்லை செய்கிறாள். பூண்டு வாசனை ஆகாதவர் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுபோகிறார். தன் நாக்கு வேண்டாம் என்று தள்ளும் ஒன்றை, இன்னொருவர் நாக்குக்குப் பிடித்த பக்குவத்தில் எப்படிச் சமைக்க முடிகிறது? அன்பு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அன்பு மட்டும் இருந்தால் குழம்பு அமைந்துவிடாது. மண்டைக்குள் ஒரு கடினமான கணக்கும் நடந்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றி ஆய்வாளர்கள் கொஞ்சம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த நாற்றத்தை, பிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், பார்த்துவிடலாம். கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. கடலின் உப்பும் ஆழத்தின் அழுத்தமும் மீனின் புரதங்களைக் குலைத்துவிடாமல் காப்பது அதன் வேலை. அதற்கு வாசனையே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்திலமைன். எளிதில் ஆவியாகும், துளியினும் துளி காற்றில் கலந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் அந்த மூலப்பொருள் மிகக் குறைவு என்பதால் அவற்றில் இந்த வாடையும் குறைவு. சுறாவிலும் திருக்கையிலும் கூடுதலாக யூரியாவும் இருக்கிறது. அது சிதைந்தால் அம்மோனியா வரும். திருக்கைக் கருவாடு இருக்கும் பை தன்னைத் தானே அறிவித்துக்கொள்வது இதனால்தான். மீன் காயும்போது கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதால் வேறு பல மணங்களும் சேர்கின்றன.

இந்த டிரைமெத்திலமைனை மூக்கு எப்படிக் கண்டுகொள்கிறது? மூக்கின் உள்ளே, மேற்கூரைப் பகுதியில் இருக்கும் நரம்புச் செல்களின் நுனியில் உணர்வேற்பிகள் உள்ளன. உணர்வேற்பி என்பது, தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டினால் மட்டும் மூளைக்குத் தகவல் அனுப்பும் ஒரு புரதம். 2006இல் ஸ்டீபன் லிபர்லெஸ், லிண்டா பக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலியின் மூக்கில் இப்படிப்பட்ட உணர்வேற்பிகளின் புதிய குடும்பம் ஒன்றைக் கண்டார்கள். மணத்தை உணரும் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காக 2004இல் நோபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் இந்த லிண்டா பக். அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் டிரைமெத்திலமைனுக்கு என்றே இருப்பதுபோல் வேலை செய்தது. பிறகு வந்த ஆய்வுகளில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் இந்தப் பொருள் ஏராளம். சுண்டெலிகள் அதை நாடிப் போகின்றன. அவற்றின் நெருங்கிய உறவான பெரிய எலிகளோ அதே மணத்தை விட்டு விலகுகின்றன. மூலக்கூறும் உணர்வேற்பியும் ஒன்றாக இருந்தும் ஒன்று நெருங்குகிறது, மற்றது ஓடுகிறது.

மனிதர்களுக்கிடையிலும் இந்த வேறுபாடு உண்டா என்று பார்த்தது ஐஸ்லாந்து. மீனோடு வாழும் நாடு; மரபணு ஆய்வுக்குப் பெயர்போன நாடும்கூட. 2020இல் வெளிவந்த ஆய்வில் 11,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வெவ்வேறு வாசனைகளை முகரக் கொடுத்து, அது என்ன, எவ்வளவு காட்டம், பிடிக்கிறதா என்று கேட்டார்கள். விடைகளை அவரவர் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது ஒரு சிறு கூட்டம் தனியே தெரிந்தது. மேலே சொன்ன உணர்வேற்பிக்கான மரபணுவில் அவர்களுக்கு ஒரு சிறு மாற்றம் இருந்தது. மீன் வாடை அவர்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை; அருவருப்பும் இல்லை. சிலர் அதை உருளைக்கிழங்கு என்றார்கள், சிலர் கேரமல் என்றார்கள், ரோஜா என்றவர்களும் உண்டு!

ஆனால் இந்த மாற்றம் ஐஸ்லாந்துக்கு வெளியே மிகவும் அருகியே காணப்படுகிறது. உலகத்தில் கருவாடு தின்பவர்கள் எல்லோரையும் இதில் அடக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு வாடை நன்றாகவே தெரிகிறது. தெரிந்துதான் விரும்புகிறார்கள்.

அங்கே பழக்கம் வருகிறது, அதுவும் பிறப்பதற்கு முன்பிருந்தே. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் மையத்தில் ஜூலி மெனெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சில பெண்களைக் கேரட் சாறு குடிக்கச் சொன்னார்கள். வேறு சிலரை வெறும் தண்ணீர். அந்தக் குழந்தைகள் திட உணவு உண்ணத் தொடங்கியதும், கேரட் சாறு கலந்த கூழை ஊட்டிவிட்டு முகத்தைப் படம் பிடித்தார்கள். வயிற்றிலேயே கேரட்டைச் சந்தித்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. 2001இல் வந்த இந்த முடிவைப் படித்தால், கடற்கரை ஊரில் பிறந்தவருக்குக் கருவாடு ஏன் வீட்டு வாசனையாக இருக்கிறது என்பது ஓரளவு விளங்கும். பெயருக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே மணத்தை முகரக் கொடுத்து, சிலமுறை திரையில் ‘செடார் சீஸ்’ என்றும் சிலமுறை ‘உடல் நாற்றம்’ என்றும் காட்டினார்கள். சீஸ் என்று படித்தபோது பிடித்தது, மற்றதைப் படித்தபோது பிடிக்கவில்லை. வார்த்தை மாறியதும் மணத்தை எடைபோடும் மூளைப் பகுதியின் செயல்பாடே மாறியிருந்தது.

ஆக, ருசி என்பது கருவாட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பண்பு இல்லை. மூலக்கூறு, மரபணு, தாய் தின்ற சோறு, வாழ்ந்த தெரு எல்லாம் சேர்ந்து தின்பவரிடத்தில் உண்டாவது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. அடுப்பின் முன் நின்று நம்புவது கடினம். தனக்கு நாறும் ஒன்று இன்னொருவருக்கு மணக்கும் என்று மனிதன் எந்த வயதில் நம்பத் தொடங்குகிறான்?

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அந்த வயதில் பேச்சு சரியாக வந்திருக்காது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பெட்டி ரெபகோலியும் ஆலிசன் கோப்னிக்கும் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். 1997இல் வெளியான அந்தச் சோதனை அழகானது. சற்று நின்று பார்க்கலாம். பதினான்கு மாதக் குழந்தைகளும் பதினெட்டு மாதக் குழந்தைகளும் வந்திருந்தார்கள். எதிரே இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மீன் வடிவத்தில் சின்னச் சின்ன உப்பு பிஸ்கெட்டுகள், இன்னொன்றில் பச்சைப் புரொக்கோலி. முதலில் குழந்தைகளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எதிர்பார்த்தபடியே அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பிஸ்கெட் கட்சி. பிறகு ஆய்வாளர் இரண்டையும் வாயில் போட்டுக் காட்டினார். பாதிக் குழந்தைகளின் முன்னால் பிஸ்கெட்டுக்கு முகம் மலர்ந்து, புரொக்கோலிக்கு ‘உவ்வே’ என்றார். மீதிப் பாதியின் முன்னால் நேர்மாறு: புரொக்கோலி ஆகா, பிஸ்கெட் உவ்வே. கடைசியில் இரண்டு கிண்ணங்களையும் குழந்தையிடம் தள்ளி, நடுவாகக் கையை நீட்டி, “எனக்குக் கொஞ்சம் கொடேன்” என்று கேட்டார்.

இரண்டு வகையாக ஏன் நடிக்க வேண்டும்? ஆய்வாளருக்கும் பிஸ்கெட்தான் பிடிக்கும் என்றால், குழந்தை பிஸ்கெட் கொடுப்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவருக்குப் பிடித்ததைக் கொடுத்ததா, தனக்குப் பிடித்ததைக் கொடுத்ததா என்று பிரிக்க வழியில்லை. விருப்பங்கள் முட்டிக்கொள்ளும்போதுதான் உண்மை வெளியே வரும். அப்படி முட்டியபோது பதினான்கு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிஸ்கெட்டையே நீட்டின. கஞ்சத்தனம் இல்லை, தாராளமாகவே கொடுத்தன. உலகத்துக்கே பிஸ்கெட்தான் பிடிக்கும் என்று நினைத்தன. பதினெட்டு மாதத்துக் குழந்தைகளில் பெரும்பாலானவை, தங்களுக்குப் பிடிக்காத அந்தப் பச்சைப் பூவை எடுத்துக் கொடுத்தன. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் சோதனையை மாற்றி அமைத்துச் செய்தபோது, பதினெட்டு மாதம் என்ற கோடு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் சிறு வயதிலேயே இந்தத் திறன் முளைவிடுகிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. பிறருக்கு வேறு ஆசையும் வேறு எண்ணமும் இருக்கும் என்று ஊகிக்கும் இத்திறனைப் ‘பிறர்மனம் அறிதல்’ என்று சொல்லலாம்.

முளைத்துவிட்டால் போதுமா? வளர்ந்தவர்கள் இதில் அப்படியொன்றும் கெட்டிக்காரர்கள் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் லீ ராஸும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் மாணவர்களிடம் ஒரு கூச்சமான வேலையைச் சொன்னார்கள். ஒரு சாப்பாட்டுக் கடை விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர வேண்டும். சரி என்றவர்கள், பெரும்பாலானவர்கள் சரி என்றே சொல்வார்கள் என்று கணித்தார்கள். மாட்டேன் என்றவர்கள், பெரும்பாலானவர்கள் மறுப்பார்கள் என்றார்கள். இரண்டு கணிப்பும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது அல்லவா? தன் விருப்பத்தையே ஊர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குப் ‘போலி ஒருமிப்பு’ என்று பெயர் வைக்கலாம்.

நம் சமையல்காரரின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான சோதனை 2013இல் வந்தது. ஜார்ஜியா சிலானி, தானியா சிங்கர் முதலியோர் செய்தது. இரண்டு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு படம் காட்டி, அதே கணத்தில் உள்ளங்கையில் அதற்கேற்ற பொருளைத் தடவினார்கள். ஒருவருக்கு மிருதுவான ரோமம். இன்னொருவருக்குக் கொழகொழவென்று அருவருப்பான ஒன்று. மற்றவருக்கு என்ன காட்டப்படுகிறது என்பதும் தெரியும். இப்போது கேள்வி: மற்றவருக்கு எவ்வளவு சுகமாக, அல்லது எவ்வளவு அசிங்கமாக இருக்கும்? இருவருக்கும் ஒரே மாதிரிப் பொருள் வந்தபோது விடைகள் சரியாக இருந்தன. தன் கையில் கொழகொழப்பும் மற்றவர் கையில் ரோமமும் இருந்தபோது, மற்றவரின் சுகத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தனக்கு ரோமம் என்றால் மற்றவரின் அருவருப்பு குறைவாகத் தெரிந்தது. ‘தன்மையச் சாய்வு’ என்று இதற்குத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

பலசரக்குக் கடைக்குப் பாத்திரத்தோடு போய் எண்ணெய் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் முதலில் வெறும் பாத்திரத்தை நிறுப்பார். அந்த எடையைக் கழித்தால்தான் எண்ணெயின் எடை வரும். பிறர் உணர்வை எடைபோடும்போதும் மூளை இதையே செய்தாக வேண்டும்; தன் உணர்வின் எடையை முதலில் கழிக்க வேண்டும். ஸ்கேனரில் படுக்கவைத்துப் பார்த்தபோது, இருவர் உணர்வும் முரண்பட்ட வேளைகளில் மூளையின் வலப்பக்கத்தில் ஓரிடம், மேல்விளிம்பு மடிப்பு எனலாம், கூடுதலாக வேலை செய்தது.

ஸ்கேனரில் ஓரிடம் பளிச்சிடுவதால் மட்டும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டில் எப்போதும் பரபரப்பாகத் தென்படுபவர்தான் சமைக்கிறார் என்று நினைப்பதுபோல் ஆகிவிடும். அதனால் ஆய்வாளர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளால் அந்த இடத்தின் வேலையைச் சிறிது நேரம் குழப்பினார்கள். வலி கிடையாது, சில நிமிடங்களில் சரியாகிவிடும். குழப்பியதும் சாய்வு கூடியது. கழித்தல் கணக்கில் அந்த இடத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு என்று அப்போதுதான் துணிந்து சொன்னார்கள்.

இனி அடுப்படிக்கு வரலாம். கருவாடு பிடிக்காதவர் கருவாட்டுக் குழம்பு வைத்தால் எங்கே தப்பு நடக்கும்? அக்கறையின்மையால் நடக்காது. குழம்பை ‘மேம்படுத்துவதால்’ நடக்கும். வெந்நீரில் ஒருமுறை அலசினால் போதுமானதை நான்கு முறை அலசுவார். புளியைக் கூடக் கரைப்பார். பூண்டைத் தாராளமாக உரித்துப் போடுவார். ஒவ்வொன்றும் வேதியியல்படி சரியான வேலைதான். டிரைமெத்திலமைன் காரத்தன்மை கொண்டது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். காற்றில் ஏறாத பொருளை மூக்கு அறியாது. மீன் வறுவலின் மேல் எலுமிச்சை பிழிவதிலும் இந்த வேலை நடக்கிறது. ஆனால் அக்கா கேட்டது அந்த வாடையைத்தானே! அது போய்விட்டால் சட்டியில் மிஞ்சுவது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

போதாக்குறைக்கு, அடுப்பருகே நிற்பவரின் மூக்கு சில நிமிடங்களிலேயே அந்த வாசனைக்குப் பழகி மந்தமாகிவிடும். வாடை போய்விட்டது என்று அவர் நினைக்கும் நேரத்தில், படிக்கட்டில் ஏறி வருபவருக்கு அது நன்றாகவே தெரியும். சொந்த மூக்கை நம்பி முடிவெடுப்பது இங்கே இரட்டைத் தவறு.

கைப்பக்குவம் உள்ளவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், மிளகாய்த்தூள், புளி எல்லாம் சேர்ந்து கொதித்து எண்ணெய் பிரியும் கட்டத்தில், கருவாடு சேர்ப்பதற்கு முன்பே, ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துவிடுகிறார்கள். அப்போது உப்பு சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். பிறகு போடும் கருவாடு தன் உப்பை இறக்கி அந்தக் குறையை நிரப்பிவிடும். சமைப்பவர் கருவாட்டை நாக்கில் வைக்கவே தேவையில்லை.

எவ்வளவு வாடை வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இந்த வழி உதவாது. ‘நான் அக்காவாக இருந்தால் எப்படி விரும்புவேன்’ என்று கற்பனை செய்துபார்க்கலாமே என்று தோன்றும். டால் எயல், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூவரும் இதை 25 சோதனைகளில் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். மற்றவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிடச் சரியாக ஊகிக்கவில்லை. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, சொந்தக் கணவன் அல்லது மனைவியின் விருப்பங்களைக் கணிப்பது என்று பல வகையிலும் முடிவு ஏறக்குறைய இதுவே. கணிப்பைத் திருத்தியது ஒன்றுதான்: வாயைத் திறந்து கேட்டது.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு வாசல்படிப் பேச்சு ஒன்று.

“அக்கா, கத்தரிக்காய் போடவா, மொச்சை போடவா?”

“மொச்சை வேணாம்மா, இப்போ வாயு ஆவாது. கத்தரிக்காயே போடு. கருவாட்டை ரொம்பக் கழுவிடாத. ஒரு தடவை சுடுதண்ணியில அலசுனாப் போதும். அப்புறம் அதுல என்ன இருக்கு?”

கழுவுவதைப் பற்றிய அந்தச் சொற்களை எந்தக் கற்பனையும் தந்திருக்காது. தன்மையச் சாய்வு எந்தத் திசையில் இழுக்குமோ, அதற்கு நேர் எதிரான திருத்தம் அது.

குழம்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது முகத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2003இல் பிரான்ஸ், இத்தாலி ஆய்வாளர்கள் ஆண்கள் சிலரை ஸ்கேனரில் படுக்கவைத்து, ஒரு நேரத்தில் துர்நாற்றங்களை முகரக் கொடுத்தார்கள். வேறு நேரத்தில், எதையோ முகர்ந்து அருவருப்போடு முகம் சுளிப்பவர்களின் காணொளிகளைக் காட்டினார்கள். மூளையின் மடிப்புக்குள் புதைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் கொடுத்தது. அடுத்தவரின் சுளிப்பைப் பார்ப்பதுகூட நமக்குள் ஒரு சுளிப்பை எழுப்புகிறது. நோயில் படுத்திருந்து இப்போதுதான் சோறு இறங்கத் தொடங்கியவர் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்குச் சட்டியை நீட்டினால், நல்ல குழம்பும் ஒரு பிடி ருசி குறைந்துபோகலாம்.

வீட்டுக்குத் திரும்பியபின் கையிலும் சட்டியிலும் ஒட்டிக்கொண்ட வாடைக்குச் சோப்பை மட்டும் நம்பிப் பயனில்லை. சோப்பும் காரம், அந்த வாடையும் காரம். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், அதைக் கையிலும் சட்டியிலும் தேய்த்துத் தண்ணீரில் அலசிவிட்டு, அதன் பிறகு சோப்பு போடலாம்.